புது டீம், புது ஹெல்மெட்: என்எஃப்எல் லோகோ, சீருடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், அதிலும் அதன் பெரிய தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், எனக்கு ஆட்டத்தைவிட ஹெல்மெட் மேல்தான் கண். புதிதாக வந்த அணிகளுக்கு என்னென்ன லோகோ, சீருடை யோசித்தார்கள், எது நின்றது, எது குப்பைக்குப் போனது என்று எங்கே பேச்செடுத்தாலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எக்ஸ்பான்ஷன் டீம்னா என்ன? ஒரு டீம் ஊர் மாறிப் போனா அதுவும் இந்தக் கணக்குல வருமா?

லீக் தன் அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டப் புதிதாகச் சேர்க்கும் அணிதான் எக்ஸ்பான்ஷன் டீம். ஒரு பணக்காரரோ ஒரு கூட்டணியோ நுழைவுக் கட்டணம் கட்டி, மைதானத்துக்கு வழிசெய்து, பெயரிலிருந்து காலுறைவரை எல்லாவற்றையும் முதலிலிருந்து உருவாக்க வேண்டும். 1976-ல் சியாட்டில் சீஹாக்ஸும் டாம்பா பே பக்கனியர்ஸும் தலா 1.6 கோடி டாலர் கட்டி உள்ளே வந்தார்கள். 1995-ல் ஆடத் தொடங்கிய கரோலைனா பாந்தர்ஸுக்கும் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கும் அது தலா 14 கோடி ஆகியிருந்தது. 2002-ல் களமிறங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு 70 கோடி. அதற்கப்புறம் யாரும் வரவில்லை, 32 அணிகளோடு நிற்கிறது.

ஊர் மாறும் அணி பொதுவாக இதில் சேராது, பெயரையும் நிறத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். பால்டிமோர் ரேவன்ஸ் மட்டும் இரண்டுங்கெட்டான். ஆட்கள் 1996-ல் கிளீவ்லாந்திலிருந்து வந்தவர்கள், ஆனால் லீக் கணக்கில் அது புது அணி, ஏனென்றால் பிரௌன்ஸ் என்ற பழைய பெயரும் நிறமும் கிளீவ்லாந்திலேயே தங்கிவிட்டன. லோகோ கதைகளிலேயே பெரிய கதை இந்த அணியுடையதுதான், அது கீழே வருகிறது.

டீமே இன்னும் கிடைக்கலை, அதுக்குள்ள எதுக்கு லோகோ, ஜெர்சி எல்லாம்?

கையில் பிடித்துக் காட்ட ஏதாவது வேண்டாமா? 1993-ல் இரண்டு இடங்களுக்கு ஐந்து ஊர்கள் கடைசிச் சுற்றில் மோதின: சார்லட், ஜாக்சன்வில், செயின்ட் லூயிஸ், பால்டிமோர், மெம்ஃபிஸ். தேர்ந்தெடுக்கப் போவது ஏற்கெனவே இருக்கும் அணிகளின் முதலாளிகள். அவர்கள் பார்ப்பது மைதானம், டிக்கெட் விற்பனை, தொலைக்காட்சிச் சந்தை. ஆனால் உள்ளூர் மக்களை முன்பணம் கட்ட வைக்க ஒரு பெயரும் தொப்பியும் தேவைப்படுகின்றன. 'ஜாக்சன்வில்லுக்கு வரப்போகும் ஓர் அணி' என்று சொல்லி யாரிடமும் டி-ஷர்ட் விற்க முடியாது.

ஜாக்சன்வில்காரர்கள் இதில் முந்திக்கொண்டார்கள். பெயருக்கு ரசிகர்களிடம் போட்டி வைத்து 1991-லேயே ஜாகுவார்ஸ் என்று முடிவு செய்துவிட்டார்கள். அணி கையில் கிடைத்தது 1993 நவம்பர் 30 அன்றுதான்.

தோத்துப்போன ஊர்களுக்கு என்ன பேர் யோசிச்சு வெச்சிருந்தாங்க? அந்த டிசைன் எல்லாம் என்ன ஆச்சு?

பால்டிமோருக்கு பாம்பர்ஸ். இரண்டாம் உலகப் போரின் பி-26 மராடர் குண்டுவீச்சு விமானங்களை அந்த ஊருக்கு அருகே மிடில் ரிவரில் இருந்த மார்ட்டின் ஆலையில் தயாரித்தார்கள், அந்தப் பெருமை. மெம்ஃபிஸுக்கு ஹவுண்ட் டாக்ஸ். எல்விஸ் பிரெஸ்லியின் ஊர், அவர் விட்டுப்போன சொத்துகளை நிர்வகிக்கும் அமைப்பும் முதலீட்டாளர்களில் ஒன்று, அதனால் அவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். செயின்ட் லூயிஸுக்கு ஸ்டாலியன்ஸ். இந்த மூன்றில் செயின்ட் லூயிஸ்தான் உறுதி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, உரிமையாளர் கூட்டணிக்குள்ளேயே சண்டை வந்து கெட்டது.

மூன்று ஊர்களுக்குமே பிறகு வேறு வழியில் அணி வந்தது. 1995-ல் ராம்ஸ் செயின்ட் லூயிஸுக்குக் குடிவந்து, 2016-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கே திரும்பிப் போனது. பால்டிமோருக்கு ரேவன்ஸ். மெம்ஃபிஸில் 1997-ல் ஒரே ஒரு சீசன் டென்னசி ஆயிலர்ஸ் ஆடிவிட்டு நாஷ்வில்லுக்குப் போய்விட்டது. ஆனால் பாம்பர்ஸ், ஹவுண்ட் டாக்ஸ், ஸ்டாலியன்ஸ் என்ற பெயர்களை இந்த அணிகள் எதுவும் தூசு தட்டி எடுக்கவில்லை. எனக்கு ஹவுண்ட் டாக்ஸ் போனதில் வருத்தம்தான், பாம்பர்ஸ் போனதில் இல்லை.

இதையெல்லாம் யார் வரையறாங்க? பெரிய டிசைன் கம்பெனியா?

இப்போது லீக்கின் சொந்த வடிவமைப்பாளர்கள், சீருடை தைக்கும் நிறுவனம் (2012-லிருந்து நைக்கி), அணியின் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிறார்கள். ஒரு காலத்தில் பத்திரிகை ஓவியர்கள்தான். 1961-ல் மினசோட்டா வைகிங்ஸ் வந்தபோது அந்த ஹெல்மெட் கொம்பை வரைந்தவர் லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை ஒன்றின் கார்ட்டூனிஸ்ட் கார்ல் ஹூபென்தால். 1976-ல் டாம்பா பே ஹெல்மெட்டில் வாயில் கத்தியைக் கடித்துக்கொண்டு கண்ணடிக்கும் கொள்ளைக்காரனை வரைந்தவர் டாம்பா ட்ரிப்யூன் ஓவியர் லமார் ஸ்பார்க்மன்.

இதற்கெல்லாம் முன்னோடி ஓர் ஆட்டக்காரர். 1948-ல் ராம்ஸ் அணியின் ஃப்ரெட் கெர்க்கி, கலை படித்தவர், அணியின் ஹெல்மெட்டுகளில் தன் கையாலேயே ஆட்டுக்கடாக் கொம்பு வரைந்தார். தொழில்முறைக் கால்பந்தில் ஹெல்மெட் மேல் முதலில் ஏறிய லோகோ அதுதான். கூலி ஹெல்மெட்டுக்கு 1 டாலர்.

ஜாகுவார்ஸ் லோகோவை கார் கம்பெனி மாத்த வெச்சுதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் கோர்ட்டு வரைக்கும் போய்த் தீர்ப்பாகவில்லை. முதலில் காட்டிய வரைவில் முழு ஜாகுவார் ஒன்று முன்னங்கால்களை நீட்டிப் பாய்ந்தது. ஜாகுவார் காரின் மூக்கில் நிற்கும் உலோகச் சிறுத்தையும் அதே பாய்ச்சல்தான். அப்போது அந்தக் கார் நிறுவனம் ஃபோர்டின் கையில் இருந்தது. இது எங்களுடையது மாதிரி இருக்கிறது என்று அவர்கள் சொல்ல, இரண்டு பக்க வக்கீல்களும் பேசி முடித்தார்கள். அணி லோகோவை மாற்றியது, ஜாகுவார் அணியின் அதிகாரபூர்வ கார் ஆனது. அடிக்க வந்தவர்களை ஸ்பான்சராக்கி விட்டார்கள் பாருங்கள், அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு கைதட்டல்.

மாற்றி வரைந்ததில் உடம்பு போய், உறுமும் தலை மட்டும் மிஞ்சியது. என்னைக் கேட்டால் அதுதான் நல்லது: பாயும் உடம்பு ஹெல்மெட்டின் வளைவில் நீண்டு மெலிந்து போகும், தலை அடைத்துக்கொண்டு உட்காரும். அந்தத் தலையை ஒரு தரம் உற்றுப் பாருங்கள், நாக்கு சிவப்பாக இருக்காது, நீலப்பச்சையாக இருக்கும். எங்கள் ஜாகுவாருக்குப் பாந்தரைத் தின்னக் கொடுத்தோம், அதான் நாக்கு இப்படி என்று உரிமையாளரின் மனைவி டெலோரஸ் வீவர் வேடிக்கையாகச் சொன்னார். கூடவே பிறந்த கரோலைனா பாந்தர்ஸைத்தான் சீண்டினார். இரண்டும் முதன்முதலில் மோதியது 1995 ஜூலையில் கேன்டனில் நடந்த முன்னோட்ட ஆட்டத்தில். 20-14 என்று பாந்தர்ஸ் ஜெயித்தது.

90கள்ல வந்த டீம் எல்லாத்துக்கும் ஏன் அந்த நீலப்பச்சை கலர்?

டீல் (teal) என்பார்கள், நம் புடவைக் கடையில் மயில்கழுத்து என்று எடுத்துப் போடுவார்களே, கிட்டத்தட்ட அது. 1988-ல் கூடைப்பந்துக்கு வந்த சார்லட் ஹார்னெட்ஸுக்கு ஆடை வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் ஜூலியன் அந்த நிறத்தில் சீருடை செய்தார், சரக்கு பறந்தது. அப்புறம் பனிக்கட்டி ஹாக்கியில் 1991-ல் சான் ஹோசே ஷார்க்ஸ், பேஸ்பாலில் 1993-ல் ஃப்ளோரிடா மார்லின்ஸ், கால்பந்தில் ஜாகுவார்ஸ். தொப்பி விற்குமா என்பது அந்தப் பத்தாண்டில் அழகு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம். இப்போது பார்த்தால் அந்தக் காலத்து முத்திரை மாதிரி தெரிகிறது, ஆனால் ஜாகுவார்ஸ் அதை விடவில்லை. 2013-ல் பாதி கறுப்பு பாதி தங்கம் என்று ஹெல்மெட்டைச் சாயம் கரைந்தாற்போல் ஆக்கி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, 2018-ல் முழுக் கறுப்புக்குத் திரும்பினார்கள்.

மத்தபடி கலர் எப்படி முடிவு பண்றாங்க? முதலாளிக்குப் பிடிச்ச கலரா?

பாதி நேரம் அப்படித்தான். சின்சினாட்டி பெங்கால்ஸை 1968-ல் தொடங்கிய பால் பிரௌன், தான் உருவாக்கி வளர்த்துப் பிறகு வேலைநீக்கம் செய்யப்பட்ட கிளீவ்லாந்து பிரௌன்ஸின் சீருடையை ஏறக்குறைய அப்படியே கொண்டுவந்தார். அதே ஆரஞ்சு ஹெல்மெட், பக்கவாட்டில் பெங்கால்ஸ் என்ற எழுத்து மட்டும் கூடுதல். வஞ்சம் தீர்த்ததா, பழக்கதோஷமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இன்று நாம் பார்க்கும் புலிக்கோடு 1981-ல்தான் வந்தது.

மீதி நேரம் அரசியல். 1966-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் வந்தபோது அதே மாநிலத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழக ரசிகர்கள் ஒரு பக்கம், ஜார்ஜியா டெக் என்ற இன்னொரு பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள் மறுபக்கம். சிவப்பும் கறுப்பும் முதலாமவருக்கு. டெக்கின் தங்க நிறத்தை ஹெல்மெட் நடுக்கோட்டில் மெல்லிசாக ஓட்டிவிட்டார்கள். யாருக்கும் மனக்குறை இல்லை. பாந்தர்ஸும் இதே மாதிரிதான், சார்லட் என்று ஊர்ப்பெயர் வைக்காமல் வட, தென் கரோலைனா இரண்டுக்கும் பொதுவாகக் கரோலைனா என்று வைத்தார்கள், முதல் சீசனை ஆடியதே தென் கரோலைனாவின் கிளெம்சனில். லோகோவின் வெளிக்கோட்டில் இரண்டு மாநில வரைபடமும் தெரிகிறது என்பார்கள். நான் தலையைச் சாய்த்துப் பார்த்தால் லேசாகத் தெரிகிறது.

டாம்பா பே ஆரஞ்சு ஜெர்சியை அன்னிக்கு எல்லாரும் கேலி பண்ணாங்க, இன்னிக்கு அதையே அடிச்சுப்பிடிச்சு வாங்கறாங்க. எப்படி?

கேலி ஜெர்சிக்கு அல்ல, அதைப் போட்டுக்கொண்டு ஆடிய ஆட்டத்துக்கு. 1976-ல் 14 ஆட்டத்திலும் தோல்வி, 1977-ல் மேலும் 12, ஆக வரிசையாக 26. கிரீம்சிகிள் என்ற ஆரஞ்சு ஐஸ் மிட்டாயின் பெயரே அந்தச் சீருடைக்கு ஒட்டிக்கொண்டது. 1997-ல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அடர் சிவப்புக்கும் ஈயச் சாம்பலுக்கும் மாறினார்கள், 2002 சீசனில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஜெயித்தார்கள். தோல்வியின் நினைவு மங்கியதும் பழைய ஆரஞ்சு அழகாகிவிட்டது. அந்தக் கண்ணடிக்கும் கொள்ளைக்காரனும் (ரசிகர்கள் வைத்த பெயர் பக்கோ புரூஸ்) அப்படித்தான்.

பழைய சீருடையை அவ்வப்போது போட்டு ஆடுவது 2013-ல் நின்றுபோனதற்குக் காரணம் ஹெல்மெட். தலைக்குப் பழகிய ஒரே ஹெல்மெட்டைத்தான் சீசன் முழுக்கப் போட வேண்டும் என்று பாதுகாப்புக்காக லீக் விதி கொண்டுவந்தது. ஸ்டிக்கரை மாற்றலாம், ஆனால் டாம்பாவின் பழைய ஹெல்மெட் வெள்ளை, புதியது சாம்பல், என்ன செய்வது? 2022-ல் இரண்டாவது ஹெல்மெட்டுக்கு அனுமதி வந்தது, 2023-ல் ஆரஞ்சு திரும்பியது.

சீஹாக்ஸ் லோகோ பழங்குடி முகமூடியைப் பார்த்து காப்பி அடிச்சதாமே?

மூலம் ஒன்று இருக்கிறது. கனடாவின் வான்கூவர் தீவுப் பகுதியைச் சேர்ந்த குவாக்வகேவக் மக்களின் உருமாற்ற முகமூடி. மூடியிருந்தால் கழுகுத் தலை, கயிற்றை இழுத்தால் பிளந்து உள்ளே மனித முகம். சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகத்தார் 2014-ல் ஒரு பழைய புத்தகத்தில் இருந்த படத்தை வைத்து இதை அடையாளம் கண்டார்கள். முகமூடி இருந்தது நாட்டின் மறுகோடியில், மெய்ன் பல்கலைக்கழகத்தின் ஹட்சன் அருங்காட்சியகத்தில். அதே ஆண்டு அதைச் சியாட்டிலுக்கு வரவழைத்துக் காட்சிக்கு வைத்தார்கள்.

பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் அலகின் வளைவு, கண்ணைச் சுற்றிய தடித்த கோடு எல்லாம் பொருந்துகின்றன. காப்பியா, தாக்கமா என்பதைவிட எனக்குப் படும் விஷயம் வேறு: 1975-ல் இதை வரைந்தபோது அந்த மக்களுக்குப் பெயர் சொல்லி ஒரு நன்றிகூட இல்லை, ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து ஓர் அருங்காட்சியகம் துப்புத் துலக்க வேண்டியிருந்தது.

புது டீம்னு வந்துட்டு பிரௌன்ஸ் ஏன் ஹெல்மெட்ல லோகோவே போடலை?

முதல் பதிலில் சொன்ன ஊர்மாற்றம்தான் காரணம். 1996 ஒப்பந்தப்படி பெயர், நிறம், சாதனைப் பதிவுகள் எல்லாம் கிளீவ்லாந்துக்கே என்று முடிவாகியிருந்தது. அதனால் 1999-ல் பிரௌன்ஸ் திரும்ப வந்தபோது வீரர்களைப் புது அணி மாதிரியே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள், ஆனால் பழைய சீருடையைப் போட்டுக்கொண்டார்கள். பழைய ஹெல்மெட் வெறும் ஆரஞ்சு, புதியதும் வெறும் ஆரஞ்சு. அந்த ஊரில் அதில் படம் ஒட்டியிருந்தால் ரகளையே நடந்திருக்கும்.

அப்போ ஹூஸ்டனும் ஆயிலர்ஸ்னு பழைய பேரையே எடுத்திருக்கலாமே?

எடுத்திருக்க முடியாது. கிளீவ்லாந்து போராடி வாங்கிய ஒப்பந்தம் ஹூஸ்டனுக்கு இல்லை. ஆயிலர்ஸ் உரிமையாளர் பட் ஆடம்ஸ் 1997-ல் டென்னசிக்குப் போனபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார், 1999-ல் டைட்டன்ஸ் என்று மாற்றிய பிறகும் விடவில்லை. புது அணிக்கு டெக்சன்ஸ், ஸ்டாலியன்ஸ், அப்போலோஸ் என்று மூன்று பெயர்கள் கடைசிவரை நின்றன. 2000 செப்டம்பர் 6 அன்று டெக்சன்ஸ் என்று அறிவித்து, காளைத்தலை லோகோவையும் காட்டினார்கள். டெக்சஸ் கொடியையே காளை முகமாக வளைத்த வேலை அது, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை நட்சத்திரம்.

ஆயிலர்ஸின் அந்த வெளிர்நீலத்துக்கான ஏக்கம் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. 2023-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழக அணி ஆயிலர்ஸ் சாயலில் வெளிர்நீலச் சீருடை போட, நிறுத்திக்கொள்ளுங்கள் என்று என்எஃப்எல்லிடமிருந்து நோட்டீஸ் போனது. அதே வருஷம் டென்னசிக்காரர்கள் ஆயிலர்ஸ் சீருடையிலேயே, அதுவும் ஹூஸ்டன் அணிக்கு எதிராகவே ஆடினார்கள். ஹூஸ்டன்காரன் வயிறு எரியுமா எரியாதா?

நான் ஒரு லோகோ வரைஞ்சிருக்கேன், சூப்பரா வந்திருக்கு. டீமுக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். ஏன் என்று தெரிய ரேவன்ஸ் கதையைக் கேளுங்கள். பால்டிமோரில் ஃபிரெடரிக் பூஷா என்ற காவலாளி, ஓவிய ஆர்வலர், ஊருக்கு அணி வருகிறது என்றதும் வரைய ஆரம்பித்தார். இறக்கை முளைத்த கேடயம், நடுவில் பி என்ற எழுத்து. 1996 வசந்தத்தில் அதை மேரிலாந்து மைதான ஆணையத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். உங்களுக்குப் பயன்பட்டால் ஒரு கடிதமும் கையெழுத்திட்ட ஹெல்மெட்டும் போதும் என்று எழுதினார், அவ்வளவுதான் கேட்டது. ஜூனில் ரேவன்ஸ் லோகோ வெளியானது: இறக்கை, கேடயம், பி.

வழக்கு நடந்தது. நாங்களே வரைந்தோம், ஃபேக்ஸைப் பார்க்கவேயில்லை என்றார்கள் லீக் வடிவமைப்பாளர்கள். 1998-ல் ஜூரி பூஷா பக்கம் நின்று, பதிப்புரிமை (காப்பிரைட்) மீறல் நடந்தது என்றது. 1999-லிருந்து ரேவன்ஸ் அந்த லோகோவைக் கைவிட்டுக் காக்கைத் தலைக்கு மாறியது. ஆனால் நஷ்டஈடு என்று வந்தபோது இன்னொரு ஜூரி, தொப்பியும் சட்டையும் விற்றது அணிக்காகத்தான், அந்தப் படத்துக்காக அல்ல என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் அவர் கையில் காசு வரவில்லை. இன்னொரு கண்ணி: அவர் பதிப்புரிமையைப் பதிவு செய்ததே லோகோ வெளியான பிறகு. அமெரிக்கச் சட்டத்தில் மீறல் தொடங்கும் முன்பே பதிந்திருந்தால்தான் சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டையும் வக்கீல் செலவையும் கேட்க முடியும்.

இந்த மாதிரி வழக்குகள் இருப்பதால்தான் கேட்காமல் வரும் வரைவுகளை அணிகளும் நிறுவனங்களும் பிரித்துப் பார்க்கக்கூடப் பயப்படுகின்றன. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு அவர்களே ஏதாவது தற்செயலாக அதேபோல் வரைந்தால் மாட்டிக்கொள்வார்களே. போட்டி என்று அவர்களாக அறிவித்தால் மட்டும் அனுப்புங்கள், அப்போதும் உரிமை யாருக்குப் போகிறது என்ற பொடி எழுத்தைப் படித்துவிட்டு.

சரி, யாருக்கும் அனுப்பலை. ஆசைக்கு இல்லாத ஒரு டீமுக்கு நானே டிசைன் பண்றேன், எதைக் கவனிக்கணும்?

முதலில் ஹெல்மெட். படத்தைத் திரையில் பெரிதாக வைத்து ரசிக்காமல், கட்டைவிரல் நகமளவு சுருக்கிப் பாருங்கள், மைதானத்தின் மேல் வரிசையிலிருந்து தெரிவது அவ்வளவுதான். மிருகம் என்றால் இரண்டு பக்கமும் முன்னோக்கிப் பார்க்க வேண்டும், அதாவது ஒரு பக்கத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்ப வேண்டும். அந்த மிருகத்துக்குள் எழுத்தை ஒளித்திருந்தால் திருப்பும்போது அதுவும் திரும்பிக்கொள்ளும், நிறையப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் கழுகு மட்டும் லோகோவாக அச்சிடும்போது இடப்பக்கம் பார்க்கும், பக்கவாட்டில் பார்க்கும் மற்ற மிருகங்கள் வலப்பக்கம்.

அடுத்தது எண். விதிப்படி நெஞ்சிலும் முதுகிலும் குறைந்தது 8 அங்குல உயரம், 4 அங்குல அகலம், சட்டையோடு முரணான நிறம். கறுப்புமேல் கருநீல எண் படத்தில் கம்பீரமாக இருக்கும், வர்ணனையாளருக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளைச் சட்டையையும் மறக்காமல் வரையுங்கள். அடர்நிறச் சட்டையை மட்டும் போட்டு முடித்துவிட்ட வரைவுகள்தான் அதிகம், ஆனால் ஏறக்குறைய பாதி ஆட்டம் வெள்ளையில்தான் ஆட வேண்டியிருக்கும். அப்புறம் அந்த ஊரின் கல்லூரி அணி, பேஸ்பால் அணி, பெயருக்குப் பொருந்தும் கார் கம்பெனி எல்லாவற்றையும் ஒரு தரம் தேடிப் பார்த்துவிடுங்கள்.